கண்டம் பண்ணாத கட்டை

என் வேலை மேசையில் ஒன்றரை வருடமாக ஒரு துப்பாக்கி பாதி உடம்போடு கிடந்தது. லீ என்ஃபீல்ட் நம்பர் 4, மார்க் 1 ஸ்டார். இடது பக்க இரும்பில் லாங் பிராஞ்ச், 1943 என்று பொறித்திருக்கும். இரும்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் மரத்தில். குழாயின் முனை அருகே வரை ஓட வேண்டிய முன்கட்டையை, நடு வளையத்தை ஒட்டி யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். குழாயை மேலிருந்து மூடும் காப்புக் கட்டைகள் இரண்டும் இல்லை. அறுத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, வார்னிஷ்கூட அடித்திருந்தார்கள்.

அறுத்தவர் மேல் எனக்கு முதலில் இருந்த கோபம் இப்போது இல்லை. போர் முடிந்த பிறகு கனடாவில் இந்தத் துப்பாக்கிகள் மிச்சச் சரக்காக மலிவு விலைக்கு விற்றன. மானுக்கும் மூஸுக்கும் பனிக்காட்டில் நாள் முழுக்க நடப்பவருக்கு முழுநீளக் கட்டை வெறும் பாரம். அறுத்துப் போட்டார், அது கொண்டுவந்த இறைச்சியில் ஒரு குடும்பம் குளிர்காலத்தைக் கடந்தது. அன்றைக்கு இது எங்கும் கிடைக்கிற பொருள். அறுத்த துண்டு அடுப்பில் எரிந்திருக்கும். எழுபது வருடம் கழித்து ஒருவன் அந்தத் துண்டைத் தேடி அலைவான் என்று அவர் நினைத்திருக்க முடியாது.

நான் தேடியது அந்தத் துண்டைத்தான். தேடலின் நடுவில் ஒரு நாள் நான் செய்யப்போன காரியம் இன்னும் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட் நம்பர்

எங்கள் ஊரில் இதை லீ என்ஃபீல்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரீ நாட் திரீ. அப்பா பாளையங்கோட்டையில் ஆயுதப்படையில் ஆர்மரர் ஏட்டாக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக, இருந்தார். அவர் சட்டையில் எப்போதும் துப்பாக்கி எண்ணெய் வாசனை. ஸ்கூல் லீவு நாட்களில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போவேன். ஆயுத வைப்பறைக்குள் என்னை விட மாட்டார், வெளி வராந்தாவில் உட்காரலாம். அங்கே உட்கார்ந்து பார்த்ததுதான் என் முதல் பாடம். போலீஸ்காரர்கள் வரிசையில் வந்து பட் நம்பர் சொல்லித் துப்பாக்கி வாங்குவார்கள். பட் என்பது தோளில் வைக்கும் பின்கட்டை, அதில் பெயின்ட்டால் எழுதிய எண். பெயர் சொன்னால் அப்பாவுக்கு ஆள் பிடிபடாது, பட் நம்பர் சொன்னால் போதும். அந்தத் துப்பாக்கிக்கு என்ன சீக்கு, எப்போது வந்தது, என்ன வைத்தியம் பார்த்தார் என்று எல்லாம் சொல்வார்.

அங்கிருந்தவற்றில் பெரும்பாலானவை இஷாப்பூரில் செய்தவை. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் தொழிற்சாலை. பிரிட்டன் இரண்டாம் உலகப்போரில் நம்பர் 4-க்கு மாறிய பிறகும் இஷாப்பூர் பழைய மார்க் 3 ஸ்டார் வடிவத்தையே செய்துகொண்டிருந்தது. 1962 போருக்குப் பிறகு அதே உடம்பில் 7.62 தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கியும் செய்தார்கள். இஷாப்பூர் துப்பாக்கியை உற்றுப் பார்த்தால் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி ஓடியிருக்கும். கட்டை பிளந்துவிடாமல் இருக்கப் போட்டது. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் ஸ்க்ரூ என்றே சொல்கிறார்கள். பலர் அதை அழகைக் கெடுக்கும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். கனடா வந்து இந்தத் துறைக்குள் நுழைந்த புதிதில் நானும் அப்படித்தான் பார்த்தேன். அப்பா கை வைத்த துப்பாக்கிகளை நினைக்கும்போது ஒட்டுப்போட்ட கட்டைகளும் பித்தளைத் திருகுகளும்தான் ஞாபகம் வரும். எனக்கு வேண்டியது வேறு: தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே ஒன்று.

லாங் பிராஞ்ச் என்னைப் பிடித்ததற்குக் காரணம் எளிது. நான் குடியிருப்பது மிஸிஸாகாவில். அந்தத் தொழிற்சாலை இருந்த இடம் இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம், ஒன்டாரியோ ஏரிக்கரையில். 1940-ல் அரசே தொடங்கிய நிறுவனம், 1941-ல் முதல் துப்பாக்கிகள் வெளிவந்தன. போர் முடிவதற்குள் ஒன்பது லட்சம் அளவுக்குச் செய்தார்கள். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டடம் மட்டும் நிற்கிறது, அதில் இப்போது கலைக்கூடம் நடக்கிறது. ஒரு மழை நாளில் உள்ளே போய் நின்றேன். பெரிய ஜன்னல்கள், தரையெல்லாம் வெளிச்சம். இந்த வெளிச்சத்தில்தான் யாரோ ஒரு பெண் என் துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் குழாய்க்குள் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்து, முழுதாகச் செய்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

உதிரி

இதில் இறங்காதவர்களுக்கு உதிரித் தட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். இந்தத் துப்பாக்கியில் ஒரு சில பாகங்கள் மட்டும் உயிர் போன்றவை. தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளிப் பூட்டும் இரும்புதான் போல்ட். அதன் முனையில் கழற்றக்கூடிய ஒரு தலை உண்டு. நம்பர் 4-க்கு அந்தத் தலைகளை 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் செய்தார்கள். தோட்டாவின் விளிம்பு போய் உட்காரும் குழாயின் பின்முகத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உள்ள இடம் 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 0.074-ஐத் தாண்டக்கூடாது. தேய்ந்து இடைவெளி கூடினால் ஆர்மரர் அடுத்த அளவுத் தலையை மாட்டுவார். அவ்வளவுதான், துப்பாக்கிக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுள். அருமையான ஏற்பாடு, அலமாரியில் தலைகள் இருக்கும் வரைக்கும். 3-ஆம் எண் தலை இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். படும்போது அதன் விலை நம்மை யோசிக்க வைக்கும்.

அதைவிட மோசம், மாற்றவே முடியாத இடம். மார்க் 1 ஸ்டாரில் வேலையைச் சுருக்குவதற்காக, போல்ட்டைக் கழற்றும் வழியை ரயில் போன்ற அந்த இரும்பு விளிம்பிலேயே ஒரு வெட்டாக விட்டுவிட்டார்கள். போரின் அவசரத்தில் அது சரி. வருடக்கணக்கில் ஓட ஓட அந்த வெட்டின் ஓரம் சில துப்பாக்கிகளில் பொடிந்துபோகும். பிறகு போல்ட் தலை தடம் விட்டுத் துள்ளும். அது உடம்போடு சேர்ந்த இரும்பு, உதிரி என்ற பேச்சுக்கே இடமில்லை. என்னுடையதில் அது நன்றாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

கனடா ராணுவத்தின் ஒரு பிரிவான கனடியன் ரேஞ்சர்ஸ் வட துருவப் பக்கத்தில் 1947-லிருந்து இதே துப்பாக்கியைச் சுமந்தார்கள். சமீபத்தில்தான் அவர்களுக்குப் புதியது கொடுத்தார்கள். காரணம் துப்பாக்கி சரியில்லை என்பதல்ல. உறையும் குளிரிலும் அது வேலை செய்தது, உதிரி கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு திரீ நாட் திரீயை விடைகொடுத்து அனுப்பியது. அந்தச் செய்தியை அப்பாவுக்கு அனுப்பியபோது ஒரே ஒரு வரிதான் பதில் வந்தது: “எல்லாத்தையும் கண்டம் பண்ணிருவானுவ.” கண்டம் பண்ணுவது என்றால் இனி உதவாது என்று எழுதித் தள்ளுவது.

இரும்பு உதிரியாவது எங்காவது கிடைக்கிறது. கட்டை அப்படியில்லை. நகலாகப் புதிதாகச் செய்த கட்டைகள் விற்கிறார்கள். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். தோற்றம் சரியாக இருக்கும், உள் வெட்டுகள் இழைந்து உட்காராது. முன்கட்டை இதில் சும்மா ஒரு போர்வை இல்லை. தோட்டாப் பெட்டியான மேகசின் உட்காரும் குழிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள இரண்டு சின்ன முகங்கள்தான் ஒவ்வொரு வெடிக்கும் பின்னோக்கி வரும் உதையை வாங்குகின்றன. முனைப்பக்கம் கட்டை குழாயைச் சில பவுண்டு அழுத்தத்தோடு மேலே தாங்க வேண்டும். இந்த இரண்டு இடமும் சரியில்லாவிட்டால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. அதைவிட, கட்டை பின்பக்கம் முட்டிப் பிளந்துவிடும். புதுக் கட்டையை மை தடவி, வைத்து, எடுத்து, அரத்தால் ஒரு இழை தேய்த்து, மறுபடி வைத்து என்று நாலு நாள் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் ஒரு இழை அதிகம் போய்விட்டது. அந்த ஒரு இழையோடு கட்டையும் போயிற்று.

ராணுவக் கையேடுகளைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். “பழுதானால் மாற்று” என்று ஒவ்வொரு பக்கத்திலும் வரும். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு முழுக் கிடங்கு நின்றிருக்கிறது. கிடங்கு போனபிறகு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பிரித்த நாள்

அப்போதுதான் அந்த இன்னொரு துப்பாக்கி வந்தது. இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு சிற்றூர். கணவர் இறந்த பிறகு ஒரு வயதான அம்மாள் அவருடைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். லாங் பிராஞ்ச், 1942. ஒரு திருகுகூடக் குறையாத முழுத் துப்பாக்கி, போல்ட் எண்ணும் உடம்பு எண்ணும் ஒன்றே. பட்டுக்குள் இருக்கும் குழியில் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் கயிறும்கூட இருந்தன. கயிற்றைத் தொட்டதும் அப்பாவின் வராந்தா ஞாபகம் வந்தது.

கூட வந்த நண்பர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். திரும்பி வரும் வழியில் கணக்குச் சொன்னார். முழுதாக விற்றால் இவ்வளவு. பிரித்து விற்றால், மேகசின் தனி, குறிபார்க்கும் பின் சைட் தனி, வளையங்கள் தனி, போல்ட் தனி என்று போட்டால் அதைப்போல ஒன்றரை மடங்கு. மரம் எனக்கு இலவசமாகவே வந்துவிடும். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. இன்று இந்தச் சந்தை அப்படித்தான் நடக்கிறது. முழுத் துப்பாக்கியைவிட அதன் துண்டுகளுக்கு மதிப்பு அதிகம். அதனாலேயே ஒவ்வொரு வருடமும் முழுத் துப்பாக்கிகள் குறைகின்றன, அவை குறையக் குறையத் துண்டுகளின் விலை ஏறுகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அறுபட்ட ஒன்று முழுசாகுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பிரிக்க உட்கார்ந்தேன். முன் வளையம், நடு வளையம், காப்புக் கட்டைகள், டிரிகர் கார்டு. கடைசியில் முன்கட்டையை உள்ளங்கையால் மெல்லத் தட்டத் தட்ட, குழாயை விட்டு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு இறங்கியது. திருப்பிப் பார்த்தேன். உதை வாங்கும் அந்த இரண்டு முகங்களிலும் பெருவிரல் நகம் அளவுக்கு ஒட்டு. ஒட்டின் ஓரத்தில் பிளேடு நுழைய இடமில்லை. பொருத்திப் பார்க்கத் தடவிய மையின் கறுப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரில்லை, தேதியில்லை.

போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். கேமராவைக் கிட்டக் கொண்டுபோ, இன்னும் கிட்ட, வெளிச்சத்துக்குத் திருப்பு என்று பத்து நிமிடம் பார்த்தார். எழுபத்தெட்டு வயதில் கண்ணில் புரை எடுத்த மனிதர்.

“நல்ல கைகாரன்யா. மரத்து ரேகைய முன்னும் பின்னுமா ஓட விட்டிருக்காம் பாரு. குறுக்க வச்சா நாலு வெடியில நசுங்கிரும். இப்படி வச்சாத்தான் உதைய வாங்கும்.”

“அவனுக்குப் புதுக் கட்டையே ஸ்டோர்ல இருந்திருக்கும்லப்பா?”

“இருந்திருக்கும். மிச்சக் கட்டை நல்லாத்தான இருக்கு, அத எதுக்குத் தூரப் போடணும்? எங்களுக்கு இண்டென்ட் போட்டா வர மாசக்கணக்காகும். வந்தா வேற என்னமாம் வரும். உடஞ்ச பட்டுல துண்டு வெட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவேன். ஒரு கட்டைய நான் மூணு தரம் ஒட்டிருக்கேன். அதத் தூக்கிட்டு ஒருத்தன் பரேடு போனான், ரிட்டையர் ஆகுற வரைக்கும்.”

பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் மேசையில் கிடந்த அறுபட்ட துப்பாக்கியும், நான் ஏற்கெனவே பாகங்களுக்கென்று தனித்தனியாக எடுத்து வைத்திருந்த உறைகளும் படத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் நான் விலை எழுதியிருந்தேன்.

“எய்யா, இதக் கண்டம் பண்ணப் போறியா?”

கோபமாகக் கேட்கவில்லை. வைப்பறையில் ஒரு துப்பாக்கியை எழுதித் தள்ளுவதற்கு முன் கேட்கிற கேள்வி மாதிரி, விவரம் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அப்பாவின் வாயில் அந்த வார்த்தைக்கு ஒரே பொருள்தான்: வைத்தியம் பார்த்தும் தேறாதது. என் எதிரே கிடந்ததற்கு வைத்தியம் பார்த்த கைரேகை இன்னும் காயவில்லை என்பதுபோல் இருந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். உறைகளைக் கிழித்துப் போட்டேன். நண்பருக்கு அது வருத்தம்தான். அவர் கணக்கில் நான் நஷ்டப்பட்டேன்.

இரண்டு பாதி

அறுபட்டதற்கு வழி, யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பெட்டியில் கிடைத்தது. ஒரு பழைய முன்கட்டை. பின்பகுதி எண்ணெயில் ஊறிக் கறுத்து, முகங்கள் நசுங்கி, நீளமாக வெடித்திருந்தது. வெறும் விறகு. ஆனால் முன்பாதி சுத்தம். என்னிடம் பின்பாதி நன்றாக இருந்தது. காப்புக் கட்டைகளும் அதே மாதிரி, ஒன்று கீறல் விழுந்தது, ஒன்று வேறு தொழிற்சாலையின் முத்திரை போட்டது. லாங் பிராஞ்ச் துப்பாக்கிக்கு லாங் பிராஞ்ச் முத்திரை போட்ட உதிரிதான் வேண்டும் என்று ஒரு பிடிவாதம் சேகரிப்பாளர்களிடம் உண்டு, என்னிடமும் இருந்தது. பட்டாளத்து ஆர்மரர்கள் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. அவர்கள் எண் பார்த்துச் சேர்த்தது போல்ட்டை. மற்றதெல்லாம் கைக்கு வந்த பெட்டியிலிருந்துதான்.

இரண்டு பாதிகளையும் நடு வளையத்துக்கு அடியில் வந்து சேரும்படி வெட்டினேன். வெளியே கோடு வளையத்துக்குள் ஒளியும். உள்ளே, குழாய் படுக்கும் பள்ளத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒரு நாக்கு விட்டுப் பொருத்தினேன். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனில் துடைத்துத் துடைத்து, துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை காத்திருந்தேன். அதற்கே ஒரு வாரம். உளியைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்குக் காட்டினேன். ஒட்டி, நேர்க்கம்பி வைத்துக் கட்டி, மூன்று நாள் தொடவில்லை. நசுங்கிய பள்ளங்களின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மரம் ஆவியில் உப்பி எழும். அது எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத காட்சி. கடைசியாக ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து.

ஒரு பிரச்சினை மிஞ்சியது. பின்பாதி இருண்ட வால்நட், முன்பாதி வெளிறிய வேறு மரம். சாயம் ஏற்றி ஒன்றாக்குவது சுலபம், சாயப் புட்டியும் வாங்கி வைத்திருந்தேன். திறக்கவில்லை. வளையத்துக்கு முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம் என்று அப்படியே விட்டேன். சாயம் போட்டு மறைத்த ஒட்டு இன்னும் இருபது வருடத்தில் “தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே” என்று யாருக்காவது விற்கப்படும். அப்படி விற்கப்பட்டவற்றை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் முகத்தையும் பார்த்திருக்கிறேன். பள்ளத்துக்குள் பென்சிலால் எழுதினேன்: எந்த வருடம் ஒட்டியது, எங்கிருந்து எங்கே வரை புது முனை. தமிழில் ஒரு வரியும்.

போல்ட் இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளவுகோல் போட்டுப் பார்த்துச் சரி என்றார். அக்டோபரில் ரேஞ்சுக்குக் கொண்டுபோனேன். நூறு கஜத்தில் பத்துத் தோட்டா. முதல் இரண்டு கொஞ்சம் மேலே போயின. மற்றவை ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. வளையத்தை நகர்த்திப் பார்த்தேன். ஒட்டின் கோடு அப்படியே இருந்தது, முடி அளவும் விலகவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை, ஆனாலும் எடுத்தார். இலக்குத் தாளை விரித்துக் காட்டினேன். அதை அதிகம் பார்க்கவில்லை. கட்டையைக் காட்டச் சொன்னார். வெளிறிய முனையைப் பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்றார்.

“பட் நம்பர் என்ன?”

பட் நம்பர் என்று ஒன்று இல்லை. உடம்பில் உள்ள வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சொன்னேன். “இரு” என்றார். மேசை இழுப்பறை திறக்கும் சத்தமும் நோட்டு புரளும் சத்தமும் கேட்டன. எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.